வான்கோழித் துண்டுகள் மொறுமொறுப்பாக வர

வான்கோழியின் நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். வாங்கிச் சமைத்துவிட்டு, மரத்தூளை மெல்லுவது போல இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள்தான் அதிகம். தப்பு கறியின் மேல் இல்லை. தொடைக்கறியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். சூடு எவ்வளவு பட்டாலும் உள்ளே ஈரம் நிற்கும்.

நீங்கள் முதலில் கேட்டதே அதைப் பற்றித்தான் என்பது எனக்குப் பிடித்திருந்தது, மேடம். "கறிக்கடைக்காரர் சொல்றார், நீங்க எப்பவும் தொடைக்கறிதான் கேப்பீங்களாம். அன்னைக்கு மட்டும் ஏன் நெஞ்சுக்கறி?" என்றீர்கள். வீட்டில் சமைக்கிறவர் என்று அப்போதே புரிந்துகொண்டேன். சமைக்காத ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

எல்லாவற்றையும் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல விடுங்கள். என் வேலை அப்படி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி அரைப்பவன் நான். அவசரப்பட்டால் ஓரம் உடைந்துவிடும்.

அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும், சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய வலது கால் மேசைக்கு அடியில் தானாகத் தரையை அழுத்தும். எங்களுக்கு அவர் வைத்த பெயர்களும் பஸ்ஸிலிருந்து வந்தவைதான். அக்கா எக்ஸ்பிரஸ். நான் பிரேக்கு. "எக்ஸ்பிரஸ் ஊர் போய்ச் சேந்தாச்சு, நம்ம பிரேக்கு இன்னும் செருப்பைத் தேடிக்கிட்டிருக்கு" என்று வந்தவர்களிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல வேடிக்கைதான். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

எக்ஸ்பிரஸ் கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அம்மா இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் பிரேக்கும் மிஞ்சினோம். அதன் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு பாதி போயிற்று. விழுங்குவதும் போயிற்று என்பதுதான் வெளியில் யாருக்கும் தெரியாத கஷ்டம். நாம் எச்சில் விழுங்குவதை நாமே கவனிப்பதில்லை. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு வளைவில் பஸ்ஸைத் திருப்புவது போல.

விழுங்கப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தார். எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும், தண்ணீரில்கூட ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார். தொண்டையில் அடைத்துக்கொண்டால் எப்படிக் குனிய வைப்பது, முதுகில் எங்கே தட்டுவது என்று என்னை வைத்தே செய்து காட்டினார். "இருமினா பயப்படாதீங்க. சத்தமே வராம வாயை மட்டும் திறந்தார்னா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடுங்க" என்றார். அதை நான் மறக்கவே இல்லை. ஒருமுறை ஓடவும் செய்தேன், காப்பாற்றவும் செய்தேன். அந்தப் பெண் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கட்டிலின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அப்பாவின் இடது கையில் எப்போதும் ஒரு கரண்டி. பேச்சு வராததால் ஒரு முறையை நான்தான் ஏற்படுத்தினேன். கம்பியில் ஒருமுறை தட்டினால், நிறுத்து. இரண்டு முறை தட்டினால், போகலாம். கண்டக்டர்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவார்களே, அதுதான். இதைச் சொன்னபோது அவருடைய நல்ல கண் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வந்ததா, பஸ்ஸுக்கு வந்ததா என்பதைப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அவர் ஒருமுறைதான் தட்டுவார். நாலைந்து வாய் வாங்கிக்கொள்வார்; பிறகு கம்பியில் ஒரு சத்தம். நிறுத்து. கோழியை மசித்துப் பார்த்தேன், பழத்தை மசித்துப் பார்த்தேன், முட்டையைப் பாலில் கரைத்துப் பார்த்தேன். இரண்டாவது தட்டலுக்காகக் கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பேன். வராது. காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டும் நர்ஸம்மா ஒருநாள், "இன்னைக்கு எனக்கு ரெண்டு தட்டினார் தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னார். சந்தோஷம் என்றேன். அன்று கடையில் ஒரு வில்லை என் கையில் உடைந்தது. எனக்கு வில்லைகள் உடைவதில்லை.

அக்கா வாராவாரம் போனில் கூப்பிடுவாள். ஒருமுறை நான், "நீ வந்து கொஞ்ச நாள் இருந்தா எனக்கு உதவியா இருக்கும்கா" என்றேன். அவள் வரவில்லை. ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் ஏர் ஃப்ரையர்.

"எண்ணெயே வேண்டாம்டா. அப்பா உடம்புக்கு நல்லது. விதவிதமா செஞ்சு குடு" என்றாள்.

"அவர் கடிச்சுச் சாப்பிட முடியாதுக்கா. மசிச்சுத்தான்..."

"இரு இரு, பின்னாடி குக்கர் கத்துது. அப்புறம் பேசறேன்."

ஆக, அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எந்திரத்தை வீணாக்க மனமில்லாமல் எனக்காக வான்கோழித் துண்டுகள் செய்யப் பழகினேன். தொடைக்கறியை ஒரு வாய்க்கு ஒன்றாக வெட்டி, உப்பும் பூண்டுத்தூளும் புகை வாசமுள்ள மிளகாய்த்தூளும் பிசிறி வைக்க வேண்டும். எந்திரத்தின் கூடையில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்க வேண்டும். தொட்டால் வெந்துபோகும், முறுகாது. பார்பெக்யூ சாஸை முதலிலேயே தடவக் கூடாது. அதில் சர்க்கரை இருப்பதால் கருகிவிடும். கறி முக்கால் வெந்த பிறகு தடவி மறுபடி உள்ளே தள்ளினால் மேலே பளபளவென்று ஓடு கட்டும். அந்த வாசம் வீடு முழுக்கப் போகும். அப்பாவின் அறைக்கும் போகும்.

"ஒண்ணு" என்பார் அப்பா. அவருக்கு வந்த சில சொற்களில் அதுவும் ஒன்று. "பிரேக்கு. ஒண்ணு."

நான் கொடுத்ததே இல்லை. கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவேன். நர்ஸம்மாவைக் கேளுங்கள், என்னைப்போல ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்பார்.

கடைசியில் அக்கா வந்தாள். வந்த அன்றே அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்னப்பா இது, எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க" என்று அழுதாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, வாயைக் கோணிக் கோணி ஒரு சொல்லைச் சொல்லி முடித்தார்.

"பட்டினி."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் விளக்கியிருப்பேன். "அவன் எப்பவுமே அப்படித்தான்பா, எல்லாத்துக்கும் பயப்படுவான். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றாள் அவரிடம். அவர் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னடா அது, இவர் கேக்கறது?"

"வான்கோழி. நீ அனுப்பினதுல செய்வேன்."

"அப்ப நாளைக்கு மத்தியானம் செய். நானே ஊட்டறேன்."

"மசிச்சுத்தான்கா..."

"டேய், பிரேக்கு. ஒரு நாள். ஒரே ஒரு நாள் மனுஷன் வாய்க்கு ருசியா சாப்பிடட்டுமே."

சரி என்றேன். இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறை சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு வேளை ஊட்டிப் பார்க்கட்டும், அவர் இருமுவதைப் பார்த்துப் பதறட்டும், என் கஷ்டம் அவளுக்கும் புரியட்டும் என்றுதான் நினைத்தேன். நேற்று வரை இதைத்தான் என் வாக்குமூலமாக வைத்திருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நெஞ்சுக்கறி என்ற கேள்வி அதற்குள் அடங்கவில்லை. அதனால் தொடர்கிறேன்.

மறுநாள் காலை கறிக்கடையில் நெஞ்சுக்கறி கேட்டேன். கடைக்காரர், "இது காஞ்சிடுமே சார்" என்றார். பரவாயில்லை என்றேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். எண்ணெய் தொடவில்லை. சாஸைத் தடவித் தடவி, ஓடு கெட்டியாகும் வரை விட்டேன். இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டபோது கூழாங்கல் மாதிரி சத்தம் வந்தது. நல்ல சத்தம். ஒரு கூடை எடுத்ததும் அடுத்த கூடையை உள்ளே தள்ளிவிட்டு, தட்டை அக்காவிடம் கொடுத்தேன்.

கதவோரம் நின்றேன். முதல் துண்டை அவள் நகத்தால் கிள்ளி, நூல் நூலாகப் பிய்த்துக் கொடுத்தாள். அவ்வளவு பொறுமை அவளிடம் உண்டு என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா வாயிலேயே வைத்துச் சப்பினார். சாஸ் மோவாயில் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக, ஒரு வளைவில் திருப்புவது போல, விழுங்கினார்.

பிறகு கம்பியில் தட்டினார். இரண்டு முறை.

அந்தச் சத்தத்தை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. மிகச் சாதாரணச் சத்தம். கரண்டி இரும்பில் படுகிற சத்தம்தான்.

"என்னடா இது, தாளம் போடறாரு?" என்று அக்கா சிரித்தாள்.

"சந்தோஷத்துல தட்டறார்கா."

"ஓகோ. அப்ப இன்னும் வேணும்னா?"

"ஒரு தடவை தட்டுவார்."

"ஒரு தடவைன்னா நிறுத்துன்னுதானே? பஸ்ஸுல அப்படித்தானே?"

பஸ்காரர் மகள், மறந்திருக்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்றால், "படுத்ததிலேருந்து அவருக்கு எல்லாமே தலைகீழ்தான்கா" என்றேன். அப்பாவின் நல்ல கண் என்னைப் பார்த்தது. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அதன் பிறகு அக்கா போனை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் தாத்தா சாப்பிடுவதைக் காட்ட வேண்டும். ஒரு கையால் போன், ஒரு கையால் ஊட்டல். பிய்ப்பதற்குக் கை இல்லை. துண்டை முழுதாகவே கொடுத்தாள். அவர் ஒருமுறை தட்டினார். "பாருங்க பாருங்க, இன்னும் வேணுமாம்" என்று போனிடம் சொல்லிவிட்டு அடுத்ததைக் கொடுத்தாள். அவர் வாயை மூடப் பார்த்தார். "அப்பா, ஆ காட்டுங்க, சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதீங்க" என்றாள். போனில் யாரோ கைதட்டினார்கள். அவர் மறுபடி ஒருமுறை தட்டினார்.

இருமல் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

என் கையில் இடுக்கி இருந்தது. கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடச் சொல்லியிருந்தார்கள். நான் அடுப்படிக்குத் திரும்பிப் போனேன். இரண்டாவது கூடை உள்ளே இருந்தது. நடுவில் திறந்தால் ஓடு இளகிவிடும், உங்களுக்கே தெரியும். எந்திரத்தின் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பியில் ஒரு சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. பிறகு அக்கா, "தம்பி" என்று கூப்பிட்டாள். அப்புறம் வேறொரு குரலில் கூப்பிட்டாள். எந்திரம் மணியடித்தது. கூடையை வெளியே எடுத்து வைத்து, சுவிட்சை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அவள் "நான்தான் கொன்னுட்டேன், என் கையாலேயே கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இல்லைக்கா, உன் மேல் தப்பே இல்லை என்று நான் தேற்றினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து நெகிழ்ந்தார்கள். அவள் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு தடவை அவர் தட்டும்போதும் குடுத்தேன்மா, ஆசையா கேக்கறாரேன்னு குடுத்தேன்" என்று அழாமல் இருந்திருந்தால், நர்ஸம்மா, "எத்தனை தடவைமா தட்டினார்?" என்று கேட்காமல் இருந்திருந்தால், நாம் இருவரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஆமாம், மேடம். அவளுடைய கையை வைத்து நான்தான் செய்தேன். நெஞ்சுக்கறி வாங்கியபோதே தெரியும். அவர் இரண்டு முறை தட்டியபோது முடிவாயிற்று. அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அக்கா இப்போது வலது கையால் எதையும் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அவளைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். இரண்டு தட்டல் அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் விழுந்தது. அதுகூடச் சாஸுக்காக இருக்கலாம். அதற்குப் பிறகு தட்டியதெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. எனக்குத் தட்டியது போலவே. கடைசியில் அப்பா எங்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். அதை நினைத்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.