மேகம் தள்ளுற வெளையாட்டு

வெளையாட வேணாம்னு சொல்லல டீச்சர். உங்க போன், உங்க வெரலு. அந்தச் சத்தத்த மட்டும் கொறைங்க. ஒவ்வொரு மேகத்துக்கும் பஸ்ஸு பூரா டிங்குங்குது, எனக்கு வயிறு எரியுது.

இந்த வெளையாட்டு எனக்குத் தெரியாமலா? நல்லாத் தெரியும். மேகத்த வெரலால தள்ளணும். தேயிலைக்கு மேல கொண்டாந்து நிறுத்துனா மழ பேயும், காசு விழும். போன மூடி வச்சாலும் அதுபாட்டுக்குப் பேஞ்சுக்கிட்டிருக்கும். அப்பறம் அதுவே கூப்புடும், மலையில தண்ணி நெறஞ்சிருச்சு, ஓடி வாங்கன்னு.

சும்மா பொழுதுபோக்கா? நோர்வூட்டுக்கு மேல எங்க தோட்டத்துலயும் ஒருத்தன் இப்பிடித்தான் பொழுதப் போக்குனான். மூக்கன். எங் கூடப்பொறந்த தம்பி. இப்ப அவன் பேரச் சொன்னா லயத்துல வரிசையா இருக்குற அத்தன வீடும் காறித் துப்புது. நானும் துப்புனேன்.

நீங்க யாழ்ப்பாணம்ல, பேச்சுல தெரியுது. அங்க பெரட்டுத் தப்பு இருக்காது. காலையில ஆளுங்கள வேலைக்கிக் கூப்புட அடிக்கிற பறை. எங்க பக்கம் மூக்கன்தான் அடிப்பான். மலை சரியிற மாதிரி இருந்தா போனுக்குச் செய்தி வரும், வந்ததும் அவன் தப்ப அடிக்கணும், நாங்க புள்ளகுட்டியோட கோயிலுக்கு ஓடணும். கூட்டம் போட்டுப் பேசி வச்சது. அதுக்குன்னே எல்லாரும் சேந்து அவனுக்குப் பெரிய போன் வாங்கிக் குடுத்தோம். அதுல இத ஏத்திக்கிட்டான்.

அன்னைக்கி அடமழ, வேலைக்கி விடல. நான் கடைக்கி எறங்குறப்ப இவன் இஸ்தோப்புத் திண்ணையில குந்தி மேகம் தள்ளுறான். வாசல்ல கொட்டுறது பத்தலயாடான்னேன். இதுக்குள்ள தேயில காயுதுக்கான்னு சிரிக்கிறான்.

அப்பறந்தான் செய்தி வந்திருக்கு. மலை, தண்ணி, வெளிய போங்கன்னு. இந்தக் கழுதை அத வெளையாட்டு கூப்புடுதுன்னு நெனச்சு வெரலால தள்ளிவிட்டுருச்சு. படிக்கவே இல்லக்கான்னு ஆசுபத்திரியில எங் கையப் புடிச்சுச் சொன்னான். ஒதறிட்டு வந்துட்டேன்.

மேல் லயம் மண்ணுக்குள்ள போயிருச்சு டீச்சர். தப்பு அவன் வீட்டுச் செவுத்துல தொங்குது. வெறுங்கையால மண்ணத் தோண்டுனான், நெகமெல்லாம் போச்சு. போகட்டும்.

மழைய அவனால நிறுத்த முடியுமான்னு கேக்குறீங்களா? நிறுத்தச் சொன்னது யாரு? தப்ப அடிக்கத்தான சொன்னோம். அந்தச் சரிவுல லயம் வேணாம்னு வருசக்கணக்கா கத்துனோம். அதையும் ஆபீசுல எவனோ வெரலால தள்ளித்தான் விட்டிருப்பான். அவனுக்கு என்னா கேடு, நல்லாத்தான் இருப்பான்.

இப்ப மூக்கன் அட்டன்ல கூட்டாளி வீட்டுல ஒளிஞ்சு கெடக்குறான். ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் சேத்துக் கருமாதி. வந்தா கால ஒடைப்பேன்னு நிக்கிறாரு ஆண்டியப்பன். பொண்டாட்டியப் பறிகுடுத்த மனுசன், ஒடைச்சாலும் நான் கேக்க மாட்டேன். ஆனா அவன் வரணும். இழுத்துட்டு வரத்தான் போறேன்.

பாசமா? பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மூஞ்சியப் பாத்தா அறைஞ்சிருவேன். அறைஞ்சுதான் கூட்டிட்டு வருவேன்.

அட்டன் வந்துருச்சு, காலக் கொஞ்சம் ஒதுக்குங்க. தாய்மாமன் கோடித்துணி போடாம கருமாதி முடியுமா டீச்சர். எம் மக லோஜனாவுக்கு வேற மாமன் இல்ல.