கிள்ளான் புகை

நேற்று கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில், எதிர் இருக்கையில் முகக்கவசம் போட்ட ஒரு அக்கா பக்கத்துப் பெண்ணிடம் திடீரென்று சொன்னார்: “அந்த உதாரணம் நம்ம ஊருக்குச் சரிப்படாதுலா.”

“எது, பிரிக்ஃபீல்ட்ஸ் சைவ சித்தாந்த வகுப்புல சொன்னதா?”

“ஆமா. மலையில புகை தெரிஞ்சா அங்க நெருப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமாம். அதுக்குப் பேரு அனுமானமாம். நான் எழுந்து, ‘சார், போன வாரம் கிள்ளான் முழுக்கப் புகைமூட்டம். எரிஞ்சது கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவுல’ன்னேன்.”

“சார் என்ன சொன்னாரு?”

“நூல்ல இருக்கு, உட்காருங்கன்னாரு.”

“பேசாம மன்னிப்புக் கேட்டுடுங்க அக்கா.”

“எதுக்கு? அவரு படிச்ச புகையை நான் நெஞ்சுல வாங்கியிருக்கேன். வர்ற ஞாயிறும் முன்வரிசையிலதான் உட்காருவேன். இருமிக்கிட்டே கேட்பேன்.”