ஆபீஸ் பெங்காலி

கொல்கத்தாவில் கார்டன் ரீச் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா கணவரிடம் தமிழில் சொன்னார்: "உங்க பெங்காலி எனக்குப் புரியலைங்க, மெதுவாப் பேசுங்க."

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க தமிழா?"

"ரெண்டு பேருமே தமிழ்தாம்மா. இவருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சே போயிடுச்சு. இப்ப ஆபீஸ்ல பேசின பெங்காலி மட்டும் திரும்பி வந்திருக்கு. எனக்கு மீன் வாங்குற அளவுக்குத்தான் தெரியும்."

அவர் மனைவியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, திக்கித் திக்கி, "தொமாகே பாலோபாஷி" என்றார்.

அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள். "உங்க மேல ரொம்பப் பிரியம்னு சொல்றாரு, ஆன்ட்டி."

"அது மட்டும் புரியுதும்மா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல தமிழ்ல ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

முந்தானையால் கணவரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, அந்த அம்மா சொன்னார்: "தமிழ் மெதுவாவே வரட்டும்."