கும்பாத்ரேவுக்கு எதிராக ஒரு கையெழுத்து

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியை அல்சீரா அம்மையார் அவர்களே! அருகமர்ந்த பங்குத்தந்தை அவர்களே! கோயில் வாசல் வெயிலில் கால்கடுக்க நிற்கும் பெரியவர்களே! முன்வரிசையில் கறுப்பு உடுத்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்களுக்கு வணக்கம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா? கேட்டு முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

நான் செனோபியோ, கொத்தனார் மேஸ்திரி. பதினெட்டு நாளுக்கு முன் உடைந்து பதினொரு பேரை வாரிக்கொண்டு போன அந்த அணையை எழுப்பியவன் நான்தான்.

நாளை நீதிபதி வருகிறார். சாட்சி இருந்தால் வழக்கு நிற்கும். இல்லையேல் அந்த அணையைக் கட்டவைத்த ஒதிலோன் குவாரெஸ்மா மறுபடியும் தப்புவார். இதுவரை எத்தனை முறை தப்பினார்! நகரமன்ற உறுப்பினராக இருந்து, வாக்களித்த தெருவுக்கு மட்டும் தண்ணீர் லாரி விட்டார். வழக்கு வந்தது, சாட்சி வரவில்லை. நகரத் தலைவராகி, பள்ளிக்கூட வேலைகளைத் தன் மைத்துனர்களுக்கே கொடுத்தார். வழக்கு வந்தது, சாட்சி வரவில்லை. மாநிலச் சட்டமன்றம் வரை ஏறினார்; ஏற ஏற வழக்கும் ஏறியது, சாட்சி மட்டும் ஏறவில்லை. ஏன்? நாம் கோழைகளா?

இல்லை, நாம் உறவுக்காரர்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது அவர் ஞானத்தந்தை. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைக் கையில் ஏந்திய நாள் முதல் அவர் நமக்குக் கும்பாத்ரே, நாம் அவருக்குக் கும்பாத்ரே. கும்பாத்ரேவைக் காட்டிக்கொடுத்தவனின் சவப்பெட்டியை இந்த வறண்ட சீமையில் யார் தூக்குவார்கள்?

என் மகள் நெய்டேயையும் அவர்தான் ஏந்தினார். நாலு வயதில் அவள் இதயத்தில் ஓட்டை என்றார்கள். ரெசிஃபி நகரத்து ஆஸ்பத்திரியில் படுக்கை பிடித்துக் கொடுத்தவர் அவர். அவள் இன்று மூச்சுவிடுவது அவரால்தான். இதை நான் மறைக்கமாட்டேன், மறக்கவும் மாட்டேன்.

அணையில் பாதி சிமெண்டு வரவில்லை என்று சொல்ல அவரிடம் போனேன். தோளில் கை போட்டார். "மழையே இல்லாத ஊர்ல அணைக்கு எதுக்குய்யா அவ்வளவு சிமெண்டு? தேர்தலுக்கு முன்னாடி திறந்தாகணும். மிச்சத்த அப்புறம் பூசிக்கலாம் கும்பாத்ரே" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்து மணலைக் கூட்டிப் பூசினேன்.

யாரது பின்னாலிருந்து, 'நன்றி கெட்டவனே' என்பது? ஐயா, நன்றி இருந்ததால்தானே வாயை மூடினேன்! சிமெண்டு நிற்கவேண்டிய இடத்தில் என் நன்றிதானே நின்றது! முதல் மழைக்கே அது கரைந்து போயிற்றே!

அடக்கத்தன்று அவரும் வந்தார். வழக்கம்போல் கையை நீட்டினார். ஞானப்பிள்ளைகள் வரிசையாக நின்று, முத்தமிட்டு ஆசி கேட்டார்கள். நெய்டேயின் முறை வந்தது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளினேன். பதினொரு சவப்பெட்டிகளுக்கு எதிரே தள்ளினேன்! அவள் அசையவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பெட்டியில போன ரொசில்டா என் பக்கத்துல உக்காந்து படிச்சவ. அந்தக் கைய முத்தமிட்டா அவ அம்மா முகத்துல எப்படிப்பா முழிப்பேன்? உங்களுக்கு எல்லாம் தெரியும்ல. நீங்க எப்படிப்பா முழிக்கிறீங்க?"

பதினான்கு வயதுப் பெண் என்னைக் கேட்ட கேள்வி இது. வெட்கத்தில் செத்தேன்.

ரொசில்டாவின் அம்மா இதோ, முன்வரிசையில். தாயே, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். நாளை நான் சாட்சி சொல்வேன். நீதிபதிக்கான இந்த வாக்குமூலத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. சாட்சி என்று எழுதவில்லை, உடந்தை என்று எழுதியிருக்கிறேன். சிறை என்றால் சிறை. ஒதிலோன் தனியாகப் போகவேண்டியதில்லை, கும்பாத்ரே கூடவே வருவான்.

உங்களில் லாரி ஓட்டியவர் உண்டு, சிமெண்டு மூட்டை எண்ணியவர் உண்டு, திறப்பு விழாவில் என்னோடு எல்லோருமே கைதட்டினீர்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தாய்மார்களே, மன்னிப்புக் கேட்கமாட்டேன். வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தாளில் என் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. பேனா மேசைமேல் இருக்கிறது.