நுனி ஒடித்த காய்

...சரி. நியாயமான உணவு, நஞ்சில்லாத உணவு, நாளைக்கும் மிஞ்சுற உணவு... காலையிலிருந்து இதையே நல்லா மென்னுட்டோம். கொஞ்ச நேரம் கீழே வைப்போம். எங்கிட்ட ஒரு சின்னக் கதை இருக்கு. அதுல நானும் வர்றேன்... அதனால கொஞ்சம் தயங்கித்தான் சொல்றேன்.

பொள்ளாச்சி. மூணு வருஷம் முன்னாடி. ஒரு கல்யாண மண்டபத்து மாடியில கூட்டம். "உணவுக்கு நியாயமான விலை எது?" இதுதான் தலைப்பு. நம்மள மாதிரியே ஒரு எண்பது பேர்.

கீழே வாசல்ல ஒரு அம்மா. வேலாத்தாள். மருந்தடிக்காம அரை ஏக்கர்ல வெண்டை போடுறவங்க. "வாசல்ல வித்துக்கோங்க, கடைசியில மேல வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னு கூட்டம் நடத்தினவங்க கூப்பிட்டிருந்தாங்க. பெரிய கூடை. அன்னிக்குப் பறிச்ச காய்.

அந்தக் கூடைக்கு ஒரு கெடு இருந்தது. அவங்களே சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"என்ற ஊட்டுக்காரரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாருங்க. இன்னிக்குக் கூடை காலியா வந்தா வெண்டை இருக்கட்டும். மிச்சம் வந்துச்சுன்னா, எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுத் தென்னம்புள்ள வெச்சுப்போடுவேன்னு. மருந்தடிக்காத காய்னு மார்க்கெட்ல எவிங்க தனியாப் பாக்கறாங்க? உங்களாட்டப் படிச்சவிங்க வாங்குனாத்தானுங்க."

கேட்டுக்கிட்டீங்களா? அரை ஏக்கர். ஒரு கூடை. எண்பது பேர்.

சரி, நீங்க வெண்டைக்காய் எப்படி வாங்குவீங்க?

...சிரிக்கிறீங்க. கை தானாப் போகும் இல்லையா? கட்டை விரல். நுனி. டக். ஒடிஞ்சா இளசு. வளைஞ்சா முத்தல். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தரல. நம்ம எல்லாருக்கும் தெரியும்.

முதல்ல வந்தவர் பேராசிரியர் இளவரசு. விவசாயிக்கு விலை கூடணும்னு பேச வந்தவர். ஒரு காயை எடுத்தார். டக். "அடடா, சாக்பீஸ் மாதிரி ஒடியுதே! போகும்போது ஒரு கிலோ எடுத்துக்கறேன்மா." காயைக் கூடையில போட்டார். படியேறினார்.

அடுத்து நுகர்வோர் சங்கத்து ஹேமலதா. இல்லாதவங்களுக்கும் எட்டுற விலை வேணும்னு பேச வந்தவங்க. டக். டக். "நல்ல பிஞ்சு. திரும்பி வரும்போது, என்ன?"

"ஆகட்டுங்க அம்முணி."

அப்புறம் எண்பது பேரும், ஆளுக்கு நாலஞ்சு காய். நானும். வாங்கணும்கிற எண்ணம்கூட எனக்கு இல்ல. கை சும்மா இருந்தது... ஒடிச்சேன்.

மேல ரெண்டு மணி நேர விவாதம். விலை ஏறணும்னு ஒரு பக்கம். ஏறினா ஏழை எதைத் தின்பான்னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் சரிதான். இன்னிக்கும் எனக்கு அதுல விடை தெரியாது. நல்லவங்கதான் பேசினாங்க. மனசாரத்தான் பேசினாங்க.

சாப்பாட்டு வாசனை வர ஆரம்பிச்சப்போ, வேலாத்தாளை மேடைக்குக் கூப்பிட்டாங்க.

"விலையைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? நீங்க பேசி ஒண்ணு சொல்லுங்க, அதையே வாங்கிக்கறேன். ஒண்ணே ஒண்ணுங்க... ஒடிச்ச காயை ஒடிச்சவிங்களே எடுத்துக்கோங்க. ஒடிச்ச எடம் பொழுதுக்குள்ள கறுத்துப்போகும். பொறவு யாரு கேப்பா? கொழம்புக்கு அரியும்போது அந்த நுனிய நீங்களே அரிஞ்சுதானுங்க வீசறீங்க?"

அப்புறம்... கைதட்டல். என்ன கைதட்டல்! பேராசிரியர் எழுந்து நின்னு தட்டினார். நானும் எழுந்தேன். கை சிவக்கத் தட்டினேன்.

தட்டிட்டு, சாப்பிட்டுட்டு, கீழே வந்தோம்.

கூடை நிறைய மொட்டைக் காய்.

பேராசிரியர் குனிஞ்சு பார்த்தார். "ஏம்மா... முழுசா இருக்கறது இல்லையா?"

அவர் கிண்டலாக் கேக்கல. நிஜமாத்தான் கேட்டார்.

ஹேமலதா அம்மா அடியில கையை விட்டுத் துழாவி, நுனி இருக்கறதா ஒரு அரைக் கிலோ சேர்த்தாங்க. அப்ப ரெண்டு காய் கைக்கு வந்தது. டக். டக். திரும்பக் கூடையில.

நான்? துழாவினேன். முழுசா எதுவும் கிடைக்கல.

"என்னுங் தம்பி, தேடறீங்?"னாங்க வேலாத்தாள். "மேல கெடக்கறதெல்லாம் இளசுதானுங்க. பரிச்சை வெச்சுப் பாஸ் பண்ணுன காயி."

நான் சிரிச்சேன். "இன்னொரு நாள் வாங்கிக்கறேங்க்கா"ன்னேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஒரு பொய்யும் சொன்னேன். வந்துட்டேன்.

போன மாசம் அவங்க ஊர்ப் பக்கம் போனேன். அரை ஏக்கர். வரிசையாத் தென்னம்பிள்ளை. என்னைவிட உயரமா நிக்குது.

வேலாத்தாள் என்னை ஞாபகம் வெச்சிருந்தாங்க. திட்டல. எளநி சீவிக் கொடுத்தாங்க. பக்கத்துத் தோட்டத்து எளநி. "நம்முளது காய்க்க இன்னும் வருசமாகுமுங்க"ன்னாங்க. என்னால குடிச்சு முடிக்க முடியல.

நண்பர்களே, அன்னிக்கு அந்த நிலத்தைத் தோற்கடிச்சது யாரு? பெரிய கம்பெனியா? இடைத்தரகரா? அவங்களைப் பத்தியும் பேசணும், பேசுவோம். ஆனா அந்த வாசலுக்கு அவங்க யாரும் வரல. வேலாத்தாள் நல்லா இருக்கணும்னு நினைச்சவங்க மட்டும்தான் வந்தோம். நஷ்டத்தை யார் தாங்கறதுன்னு மேல ரெண்டு மணி நேரம் பேசினோம். கீழே, படியேறுறதுக்கு முன்னாடியே, எங்க கட்டை விரல் அதை முடிவு பண்ணிடுச்சு.

நியாயம்னா என்னன்னு முழுசாச் சொல்ல எனக்கு இன்னும் தெரியல. அந்தம்மா சொன்ன அளவுக்குத்தான் தெரியும். சோதிச்சுப் பார்த்தவன் எடுத்துக்கிட்டுப் போகணும். அதனால உண்டாகற சேதம் விளைவிச்சவங்களோட திரும்பிப் போகக் கூடாது. அது வெண்டைக்காய்க்கும் பொருந்தும். பழத்துக்கும், பாலுக்கும், நாம போடுற திட்டத்துக்கும் பொருந்தும்.

இங்கேயும்... மாடியேறி வரும்போது கீழே வாசல்ல ஒரு வெண்டைக்காய்க் கூடை பார்த்திருப்பீங்க. தாந்தோணியம்மான்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க. யார் யார் ஒடிச்சீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. உங்க விரலுக்குத் தெரியும்.

இல்ல... வேண்டாம். தயவுசெஞ்சு கை தட்டாதீங்க.

கீழே போங்க.