காலிக் கட்டம் இல்லாத அட்டவணை

மதியச் சாப்பாட்டில் வறுத்த சம்போ மீன் இருந்துவிட்டால் எனக்கு அன்று முழுக்க உற்சாகம்தான். அந்தத் திங்கட்கிழமையும் இருந்தது. அதனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் அட்டவணை செய்பவன் நான். ஷீரே ஆற்று வெள்ளம் வடிந்ததும் காலரா வந்தது. ஒவ்வொரு மருத்துவ நிலையமும் காலையில் நோயாளிகள் எத்தனை, பணியாளர்கள் எத்தனை என்று கைபேசியில் அனுப்பும். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் நான் எழுதிய நிரல் அதை அள்ளி இணையப் பக்கத்தில் அட்டவணையாக்கும். தலைப்பைத் தொட்டால் வரிசை மாறும்; பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊர் மட்டும் நிற்கும். நோயாளி கூடினால் கட்டம் சிவக்கும், எந்தக் கட்டத்திலும் பூஜ்யம் வந்தால் பச்சை. லாரி ஓட்டுநர் அதைப் பார்த்துத்தான் சலைன் பாட்டில் ஏற்றுவார். சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை.

மபாலே நிலையம் மட்டும் கட்டங்களைக் காலியாக விட்டது. தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த விருந்தினர்களுக்கு எதிரே எங்கள் இயக்குநர் கோண்ட்வே தலைப்பைத் தொட்டார். அந்தக் காலி வரிசை துள்ளிக்கொண்டு உச்சிக்கு வந்து நின்றது.

"என்னப்பா லிம்பானி, உன் அட்டவணைக்கு முன்பல்லு விழுந்துடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. காலிக் கட்டம் உள்ள வரிசைகளை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும். எழுதினேன். பக்கம் பளிச்சென்று ஆனது.

மறுநாள் மபாலே செவிலி எனெலேசி கூப்பிட்டார்.

"தம்பி, எங்க பேரையே காணோம். லாரி நிக்காம அடுத்த ஊருக்குப் போயிடுச்சு."

"எண்ணிக்கையை அனுப்புங்கக்கா, தானா வந்துடும்."

"எண்ணுற பொண்ணே படுத்துட்டா. நான் சலைன் ஏத்தவா, தலை எண்ணவா? நீயே ஏதாவது போட்டுக்கோயேன்."

"இல்லாத எண்ணைப் போடுறது தப்புக்கா."

இதில் எனக்கு இப்போதும் பெருமைதான். என் அட்டவணையில் பொய் எண் ஏறியதே இல்லை. அந்தக் கட்டளையை அழித்திருக்கலாமே என்கிறீர்கள். அழித்திருக்கலாம், நொடி வேலை. ஆனால் விருந்தினர்கள் மறுபடி வருவதாக இருந்தது. எண்ணக்கூட ஆளில்லாத ஊரில்தான் நோய் முற்றியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் என் படிப்புக்கே அவமானம்.

அக்கா இன்னொரு முறை கூப்பிட்டார். குரல் தேய்ந்துபோயிருந்தது. நான் முன்பு சொன்னதையே பொறுமையாகச் சொன்னேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. விருந்தினர்கள் வந்து பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள், கோண்ட்வே என் தோளில் தட்டினார்.

மபாலேயை நான் ஒழித்துவிட்டதாக எழுதாதீர்கள். போன வாரம் அங்கே போன குழு வீடு வீடாகப் பார்த்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பியது. வரிசை தானாகவே திரும்பி வந்துவிட்டது, நான் அக்காவிடம் சொன்ன மாதிரியே. நோயாளிகள் பூஜ்யம். பணியாளர்கள் பூஜ்யம். உங்கள் கைபேசியிலேயே பாருங்கள், ஐயா. பக்கத்தில் முழுக்கப் பச்சையாக இருக்கும் வரிசை அது ஒன்றுதான்.