நாலாவது மனுவும் வெள்ளிக்கிழமைப் படங்களும்

“மூணு தடவை துவைச்சும் போகாத கறை துணியில இல்ல, வேற எங்கயோ இருக்குன்னு எங்க சித்தப்பா சொல்வாரு. எங்க இருக்குன்னும் சேத்துத்தான் சொல்வாரு, அதுதான் மறந்துபோச்சு… அது கெடக்கட்டும் தம்பி. நான் சொல்ல வந்தது கறையைப் பத்தி இல்ல, உல்ரிகாவைப் பத்தி. மூணு வருஷம் பக்கத்து நாற்காலியில உக்காந்து படம் பாத்த மனுஷி. அவங்களே மனு போட்டிருக்காங்க. எதுக்கு? என் படக் கொட்டகையைக் காலி பண்ணிட்டு அங்க சைக்கிள் நிறுத்தணுமாம்.”

சொல்லிக்கொண்டே ரோலண்ட் தன் படுக்கை விரிப்புகளைக் காலியாக இருந்த இன்னொரு மெஷினுக்குள் திணித்தார். கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்கர். ஸ்வீடனின் யேவ்லே நகரில் அந்த நாலு மாடிக் குடியிருப்பில் போன வாரம்தான் குடியேறியவன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் விடுப்பு எடுத்திருந்தான். அடித்தளத்துத் துணி துவைக்கும் அறையில் காலை ஏழு முதல் பத்து வரை அவன் முறை. யார் எப்போது துவைப்பது என்று காட்டும் நேரப் பலகையில் தன் பேர் போட்ட பூட்டைச் சரியான குழியில்தான் மாட்டியிருந்தான். ஆனால் ஆள் புதுசு, மிக நீளமான துவைப்பை அழுத்திவிட்டான். மணி பத்தேகால். பதினேழு வருடமாக ரோலண்டின் பேரில் இருக்கும் செவ்வாய்க்கிழமை நேரத்துக்குள் மெல்கரின் மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் இதைவிடச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் சுவரில் புகார்க் காகிதம் ஒட்டுவார்கள். போதாததற்கு, தள்ளுவண்டியில் குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே தள்ளிக்கொண்டு போனால் விழித்துவிடும்.

“மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி? இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் காட்டுது, ஓடட்டும். வேற யாராவதா இருந்தா இந்நேரம் பேனா எடுத்திருப்பாங்க. நான் அப்படி இல்ல. நீங்க எனக்கு ஒண்ணு பண்ணினா போதும். இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ஆண்டுக் கூட்டம். நீங்க புதுசுன்னாலும் வீட்டுக்கு ஒரு கை, ஒரு ஓட்டு உண்டு. நாலாவதா உல்ரிகாவோட மனு வரும்போது அந்தக் கையைத் தூக்காம மடியில வெச்சிருங்க. அவ்வளவுதான். ஒரு வேலையும் செய்யாம இருக்கறதுதான் நான் கேக்கற உதவி.

அந்த இரும்புக் கதவு பாத்தீங்கல்ல, மெஷின் வடிகட்டியில சேர்ற துணிப்பஞ்சு போடற வாளிக்கு எதுத்தாப்புல? போர் வந்தா நாம எல்லாரும் பதுங்க வேண்டிய அறை. போர் வரல. சும்மாத்தானே கெடக்குன்னு பதினாலு நாற்காலி போட்டேன், திரை கட்டினேன், வெள்ளிக்கிழமை தோறும் படம். என்ன படம்னு கேக்கமாட்டேங்கறீங்களே… ஒரே நாள் திரும்பத் திரும்ப வர்ற படம். தூங்கி எழுந்தா அதே நாள், அதே அலாரம், அதே கஞ்சி. சிரிப்புப் படங்கதான். அழ வைக்கிறது நமக்கு வேணாம். நான் முப்பது வருஷம் ரயில்வேயில நேர அட்டவணை போட்டவன் தம்பி. நேத்து மாதிரியே இன்னைக்கும் நடந்தா அதுதான் எங்க தொழில்ல வெற்றி. அதனாலயோ என்னவோ இந்தப் படங்க மேல ஒரு இது.

இந்தாங்க, பட்டியல். பன்னெண்டு படம். சும்மா வெச்சுக்குங்க, என்கிட்ட இன்னும் நாப்பது பிரதி இருக்கு. கைக்குழந்தை வெச்சிருக்கவங்களுக்குப் புரியறாப்புல வேற யாருக்கும் புரியாது. பால் கொடு, ஏப்பம் எடு, துணி மாத்து, மறுபடி பால். நீங்களே அதுக்குள்ளதான் இருக்கீங்க.

மொதல்ல நார்வேக்காரங்க எடுத்த படகுப் படத்தைப் பாருங்க. படகுல டிக்கெட் பாக்கறவன் ஒருத்தன். அக்கரை தெரியுது, கயிறு வீசறாங்க, தொடற நேரத்துல பாத்தா மறுபடி இக்கரை. அதே சுற்றுலாக் கூட்டம், அதே சைக்கிள், அதே ஆளு அதே காபியைத் தன் வெள்ளைக் கால்சட்டையில கொட்டிக்கறான். நம்மாளு அந்தக் காபியைத் தடுக்கணும்னே அலையறான். கோப்பையைப் பிடுங்கறான், ஆளைத் தள்ளி விடறான், ஒரு தடவை கடல்லயே தூக்கிப் போடறான். ஒண்ணும் நடக்கல. கடைசியில… சொல்லக்கூடாது. சொல்லிட்டா ருசி போயிடும். சரி, பாதி சொல்றேன். கொட்டினா கொட்டட்டும்னு விட்டுட்டு, தொடைக்கறதுக்கு ஒரு துணியோட பக்கத்துல போய் நிக்கறான். படகு கரை சேந்துடுது. பாதிதான் சொன்னேன். மீதியில வெறும் பேருதான் ஓடும்.

அதுக்கப்புறம் ஐஸ்லாந்துப் படம். கல்யாண விருந்து. மாப்பிள்ளைத் தோழன் எழுந்து பேசணும். கரண்டியால கிளாஸைத் தட்டி ‘அன்பார்ந்த விருந்தினர்களே’ங்கறான், பேசி முடிக்கறான், உக்காந்தா சூப்பு வருது. மறுபடி மொதல்லேருந்து. நூறு தடவை பேசறான் தம்பி. மொதல்ல உளறல். அப்புறம் சிரிப்பு. எழுபதாவது தடவை சமையல்காரங்க வரைக்கும் வெளிய வந்து நின்னு அழறாங்க. அப்பவும் சூப்பு வருது. கடைசியா ஒரு தடவை அவன் எழுந்திருக்கவே இல்ல. சும்மா உக்காந்து பாக்கறான். எதிர்ல பொண்ணோட அக்கா ஒருத்தி, அத்தனை தடவையும் அவன்கிட்ட ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கா. ஒவ்வொரு தடவையும் இவன் கிளாஸைத் தட்டிட்டிருந்திருக்கான். பாத்தீங்களா எடுத்திருக்கிற விதத்தை? அதை யாரும் கவனிக்க மாட்டாங்கன்னுதான் நான் படத்தை நிறுத்தி, பின்னாடி ஓட்டி, அவ வாயைத் திறக்கற ஒவ்வொரு இடத்தையும் காட்டினேன். பதினோரு தடவை. பதினோராவது தடவை மூணாவது மாடி ஸ்டென் எழுந்து கோட்டை மாட்டிக்கிட்டான். ‘ரோலண்ட், படத்துல வர்றவன்கூட ஒரு கட்டத்துல வெளிய வந்துடறான்யா, உன் விளக்கத்துலேருந்து எங்களால முடியல’ங்கறான். என்ன பேச்சு இது? நன்றி கெட்ட மனுஷன். நாற்காலிக்கு ரப்பர் பாதம் வெச்சுக் கொடுத்தது நான்.”

மெல்கர் மெஷினின் எண்ணைப் பார்த்தான். இருபத்தாறு நிமிடம். ரோலண்டும் பார்த்தார். தான் கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

“டேனிஷ்காரங்களோட பல் டாக்டர் படத்தை மொதல்ல பாக்காதீங்க. நல்ல படம்தான், ஆனா ஒரே பல்லை இருபது தடவை பிடுங்கறாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஆகாது. பின்லாந்து லிஃப்டுப் படம் ஒண்ணு இருக்கு, அது இந்த ஜாதி இல்ல, ஆனா ஒண்ணுவிட்ட சொந்தம். அதுல அஞ்சாவது மாடியை அழுத்தினா நேத்துக்குப் போயிடலாம். மறந்து வெச்ச கழுத்துத் துண்டை எடுக்க ஒரு பொம்பளை நேத்துக்குப் போறா, அங்க இன்னொரு கழுத்துத் துண்டை விட்டுட்டு வந்துடறா. அதை எடுக்க மறுநாள் மறுபடி… சிரிச்சு சிரிச்சு எனக்கு விலா பிடிச்சுக்கிச்சு. பக்கத்துல உல்ரிகா சிரிச்ச சிரிப்பு இருக்கே, இரும்புக் கதவு அதிர்ந்தது. அப்படிச் சிரிச்சவங்கதான் மனு போட்டிருக்காங்கன்னு நான் எப்படி நம்பறது சொல்லுங்க.

பதினாலு நாற்காலியும் நிறைஞ்ச காலம் உண்டு. அப்புறம் பத்தாச்சு, ஆறாச்சு. ஸ்டென் போனதோட அவன் பின்னாலயே நாலு பேர் போனாங்க. கடைசியா நானும் உல்ரிகாவும்தான். ரெண்டு பேருன்னாலும் நான் பதினாலு நாற்காலியும் போடுவேன். அவங்க நடுவுல வந்து உக்காருவாங்க. நான் நிறுத்திச் சொன்னா ஒரு நாளும் அலுத்துக்கிட்டதில்ல. ‘ம்… அப்படியா, நான் கவனிக்கவே இல்லியே’ன்னு ஏலக்காய் ரொட்டியைப் பிச்சுக்கிட்டே கேப்பாங்க. எதுத்த படிக்கட்டுல முப்பத்தோராம் நம்பர் வீடு. நூலகத்துல வேலையா இருந்து போன இலையுதிர் காலத்துலதான் ஓய்வு வாங்கினாங்க. நல்ல மனுஷிதான், இல்லேங்கல. ஒரே ஒரு குறை, ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாது. படம் முடிஞ்சு நான் நாற்காலியை மடக்கும்போது வந்து நிப்பாங்க. ‘ரோலண்ட், ஸ்டேஷன் பக்கத்துத் தியேட்டர்ல புதுப் படம் போட்டிருக்கான், வர்ற வெள்ளி அங்க போலாமா?’ம்பாங்க. ‘தியேட்டர்ல எப்படி நிறுத்திப் பாக்கறது?’ன்னு நான் கேப்பேன். ‘அதுவும் சரிதான்’னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. அடுத்த வெள்ளி மறுபடி அதே கேள்வி. அதே இடத்துல நின்னுக்கிட்டு. நானும் அதே பதில்தான் சொல்வேன். உண்மை மாறிடுமா என்ன?”

மெல்கர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான்.

“ஏன் அப்படிப் பாக்கறீங்க? … எத்தனை வெள்ளியா? அதெல்லாம் யாரு எண்ணினது. ஓய்வு வாங்கினதுக்கு அப்புறம்தான் கேக்க ஆரம்பிச்சாங்க. அக்டோபர். இப்ப மார்ச். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் விட்டோம்… ஒரு பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். ஒரு தடவை பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு வந்தாங்க, புதுசு. நிலவறைக்கு எதுக்குங்க கோட்டு, இங்க வெந்நீர்க் குழாய் ஓடுது, வேர்க்கும்னு சொன்னேன். இன்னொரு தடவை டிக்கெட்டே வாங்கிட்டு வந்துட்டாங்க, ரெண்டு. அன்னைக்குன்னு பாத்து என்கிட்ட லிஃப்டுப் படம் தயாரா இருந்தது. அவங்க அந்த டிக்கெட்டை ரெண்டா மடிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, உக்காந்து பாத்தாங்க. அன்னைக்குத்தான் கதவு அதிரச் சிரிச்சது.”

மெஷின் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகமாகச் சுழலத் தொடங்கியது. குழந்தை ஒரு முறை உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடி தூங்கியது.

“மனுவுல காரணம் வேற எழுதியிருக்காங்க. இருங்க, கண்ணாடி… பையிலதான் வெச்சேன். கூட்ட அழைப்போட வந்த காகிதம் இது. ‘மனு எண் நாலு. ஒன்று, குளிர்காலம் முழுவதும் சைக்கிள்கள் பனியில் துருப்பிடிக்கின்றன.’ சரி, துருப்பிடிக்குதுதான். ‘இரண்டு, அந்த அறையை வாரத்தில் ஒரு மாலை இரண்டே பேர் பயன்படுத்துகிறோம்.’ அதுவும் சரி. அப்புறம் மூணாவது இருக்கே, அதைப் படிச்சுட்டுத்தான் எனக்கு ராத்திரி சோறு எறங்கல. ‘மூன்று, அந்த இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை மாலை போவதற்கு ஊரில் வேறு இடம் இருக்கிறது.’ என்ன திமிர் பாருங்க. நிர்வாகக் குழு வேற கீழ ‘பரிந்துரைக்கிறோம்’னு எழுதிட்டாங்க. வேற இடமாம். எங்க இருக்கு வேற இடம்? பதினாலு நாற்காலியும் திரையும் வெச்ச வேற இடம் இந்த ஊர்ல எங்க…”

வாக்கியம் முடியவில்லை. ரோலண்ட் காகிதத்தைக் கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். மூன்றாவது வரியை மறுபடி வாசித்தார், இந்தத் தடவை வாய்க்குள்.

“இரண்டு பேரும்…னு போட்டிருக்காங்க.”

மெல்கர் எட்டி அந்த வரியைப் பார்த்தான்.

“நானா இருந்தா ‘ரோலண்ட் வேற எங்கயாவது போகட்டும்’னு எழுதியிருப்பேன். கோவமா எழுதறவங்க அப்படித்தானே எழுதுவாங்க? நேத்து ரெண்டு தடவை படிச்சேன் தம்பி, இன்னைக்குக் காலையில காபியோட ஒரு தடவை. இது நாலாவது தடவை.” அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “பத்தொன்பது வெள்ளிக்கிழமை. படமா இருந்திருந்தா நான் மொத வாரமே நிறுத்தியிருப்பேன். பின்னாடி ஓட்டிக் காட்டியிருப்பேன். ‘பாருங்க, இதோ, இந்தக் கோட்டைப் பாருங்க’ன்னு எல்லாரையும் எழுப்பி உக்கார வெச்சுச் சொல்லியிருப்பேன். நேர்ல நடக்கும்போது… வேர்க்கும்னு சொல்லியிருக்கேன்.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் லேசாக, பிறகு தோள் குலுங்க. குழந்தை எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். மெல்கருக்கும் தொற்றிக்கொண்டது, அவன் தள்ளுவண்டிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தான்.

மெஷின் நின்றது. மெல்கர் குட்டிக் குட்டிச் சட்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டான். வடிகட்டியைத் திறந்து பஞ்சை வழித்தெடுத்து வாளியில் போட்டான். அது போதுமா என்று கேட்பதுபோல ரோலண்டைப் பார்த்தான்.

“நல்லா வழிச்சு எடுத்துட்டீங்க, யாரும் குறை சொல்ல முடியாது. போங்க, போங்க, பிள்ளை எழுந்துடும். தம்பி, அந்தப் பட்டியல்ல படகுப் படத்தை மட்டும் பாருங்க. முடிவை நான் சொல்லிட்டேன், பரவால்ல, காபி கொட்டறது பாக்கவே நல்லா இருக்கும். ஆங், அப்புறம் சாயங்காலம்… கை விஷயமா நான் சொன்னதை விட்டுடுங்க. உங்களுக்கு சைக்கிள் இருக்கா? இருந்தா உங்களுக்கு எது தோணுதோ அப்படிச் செய்யுங்க.”

தள்ளுவண்டிச் சக்கரம் தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் கிறீச்சிட்டது. பிறகு லிஃப்டு ஏறும் சத்தம். ரோலண்டின் மெஷினில் விரிப்புகள் சோப்பு நுரைக்குள் மெதுவாகப் புரண்டன. இன்னும் ஒரு மணி நேரம் காட்டியது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டத்தில் தன் பக்கம் பேசுவதற்காக முந்தின இரவு எழுதிவைத்திருந்த மூன்று பக்கங்களைப் பையிலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தின் பாதி வரை வாசித்துப் பார்த்தார். பிறகு மூன்று பக்கத்தையும் சேர்த்து மடித்து, பஞ்சு வாளியில் போட்டார்.

நாலாவது மனு வரும்போது எதுவும் பேசாமல் உல்ரிகாவின் பக்கம் கை தூக்குவது என்று முடிவு செய்தார்.